ரெண்டு நாளில் ஜவ்வாது மலை: திட்டம் போடுவது எப்படி?



வருகிற ஜனவரியில், பொங்கல் கழிந்து, கீழே சமவெளியில் இருக்கும் ஒரு பள்ளியிலிருந்து மாணவ மாணவியர் 40 பேரும் ஆசிரியர்கள் 4 பேரும் நம் மலைக்குச் சுற்றுலா வருகிறார்கள். வழிகாட்டும் வேலை நம் பள்ளிக்கு. திட்டம் போட்டுத் தரும் வேலை எங்கள் வகுப்புக்கு. அவர்கள் ஒரு கடிதம் போட்டிருந்தார்கள். அதில் எட்டு இடம் எழுதி, "இவை அனைத்தையும் ஒரே நாளில் பார்க்க இயலுமா?" என்று கேட்டிருந்தார்கள். அந்த எட்டு இடம் இவை: பீமன் அருவி, கோமுட்டேரி படகுத் துறை, காவலூர் வானாய்வகம், கீழ்சேப்பிளி கல்திட்டை, அமிர்தி பூங்கா, ஜலகாம்பாறை அருவி, பர்வதமலை, செங்கம் நடுகற்கள். கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு மாணவர், "உங்கள் ஜவ்வாது மலை எரிமலையா? ஜாவா தீவில் எல்லாம் எரிமலை என்று படித்தோம்" என்று சேர்த்திருந்தார்!

சிரிக்காதீங்க. நல்ல கேள்விதான். முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

நம் மலை எரிமலை இல்லை. இந்தியாவில் உயிரோடு இருக்கும் எரிமலை அந்தமான் பக்கம் பாரன் தீவில்தான் இருக்கிறது. ஜாவாவுக்கும் ஜவ்வாதுக்கும் பெயரில் மட்டும்தான் ஒற்றுமை. ஆனால் அந்த மாணவரின் கேள்வியால் எங்களுக்கு ஒரு யோசனை கிடைத்தது. இந்தோனேசியாவில் 120-க்கும் மேல் உயிருள்ள எரிமலைகள் இருக்கின்றன. அங்கே சுற்றுலா போகிறவர்கள் 'என்னென்ன இடம் பார்க்கலாம்' என்று முதலில் பட்டியல் போட்டால் போதாது. அந்த நாட்டு அரசு ஒவ்வொரு எரிமலைக்கும் நாலு படியில் எச்சரிக்கை நிலை அறிவிக்கிறது. இன்றைக்கு எந்தப் படி, எவ்வளவு தூரம் வரை போகலாம் என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். 2023 டிசம்பரில் சுமத்ரா தீவில் மராபி எரிமலை வெடித்தபோது மேலே ஏறியிருந்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்து போனார்கள். அங்கே எப்போது வரலாம், எதுவரை வரலாம் என்பதை மலைதான் சொல்கிறது.

நம் மலை நெருப்பைக் கக்காது. ஆனால் இதுவும் சில விஷயம் சொல்லத்தான் செய்கிறது. மழை, இருட்டு, கொண்டை ஊசி வளைவு, நிலா இந்த நாலும் சேர்ந்துதான் திட்டத்தைத் தீர்மானிக்கும். இடங்களின் பட்டியல் அதற்குப் பிறகுதான். எங்கள் வகுப்பில் இதைத்தான் மூன்று நாள் பேசினோம்.

முதலில் பட்டியலை வெட்டினோம். ஜவ்வாது மலை ஒரே மாவட்டத்தில் இல்லை. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என்று மூன்று மாவட்டத்தில் பரந்து கிடக்கிறது. வரைபடத்தில் எல்லாம் ஒரு சாண் தூரத்தில்தான் தெரியும். ஆனால் அமிர்தி, வேலூர்ப் பக்கத்து அடிவாரம். ஜலகாம்பாறை திருப்பத்தூர்ப் பக்கம், ஏலகிரிக்கு அருகில். பர்வதமலை ஏறி இறங்கவே ஒரு முழு நாள் வேண்டும். செங்கம் நடுகற்கள் ஒரே இடத்தில் வரிசையாக நிற்பவை அல்ல, ஊர் ஊராகத் தேடிப் போக வேண்டும். இந்த நாலையும் அடித்துவிட்டோம். நடுகல்லை அடிக்கும்போது மட்டும் வரலாறு ஐயா முகம் வாடிவிட்டது. என்ன செய்ய? நாலு இடத்தை நன்றாகப் பார்ப்பதா, எட்டு இடத்தை பஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பதா?

மிச்சம் நாலு: காவலூர், பீமன் அருவி, கல்திட்டை, கோமுட்டேரி. இதில் எதை நடுவில் வைத்துத் திட்டம் போடுவது? பலர் அருவி என்றார்கள். நான் காவலூர் என்றேன். காரணம் சொல்கிறேன்.

அருவி பல மலையில் இருக்கிறது. காவலூர் மாதிரி ஒரு இடம் எத்தனை மலையில் இருக்கிறது? நம்மில் பாதிப் பேர் அந்தக் குவிமாடத்தைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. உள்ளே என்ன நடந்தது என்று கேட்டால் தெரியாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வேணு பாப்பு என்ற வானியல் அறிஞர் (1927-1982) ஒரு பெரிய தொலைநோக்கி வைக்கத் தென்னாட்டில் இடம் தேடினார். நகர வெளிச்சம் எட்டாத இருட்டு வேண்டும். பூமத்திய ரேகைக்குப் பக்கமாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் வட வானத்தோடு தென் வானத்தின் பெரும்பகுதியையும் ஒரே இடத்திலிருந்து பார்க்கலாம். காவலூர் சுமார் 725 மீட்டர் உயரம், வட அட்சம் 12½ டிகிரி. காட்டுக்கு நடுவில் 100 ஏக்கர். 1960-களின் கடைசியில் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலை ஆரம்பித்தது. 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. வந்த வருடமே வியாழன் கோளின் நிலவான கானிமீடுக்கு மெல்லிய காற்று மண்டலம் இருக்கிறது என்பதற்கு அடையாளம் கிடைத்தது. 1977 மார்ச் 10-ம் தேதி யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போகும் நேரத்தில் உலகத்தில் பல இடங்களிலிருந்து கவனித்தார்கள். கோள் மறைப்பதற்கு முன்னாலேயே நட்சத்திரம் விட்டு விட்டு மங்கியது. ஏன்? யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருக்கின்றன! அப்படிக் கவனித்த இடங்களில் நம் காவலூரும் ஒன்று. 1988-ல் இங்கே கண்டுபிடித்த ஒரு குறுங்கோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயர் வைத்தார்கள். எண் 4130.

பெரிய தொலைநோக்கியின் கண்ணாடி குறுக்களவு 2.34 மீட்டர். அதாவது ஏழரை அடிக்கும் மேல். நம் வகுப்பறைக் கதவைப் படுக்க வைத்தால்கூட அதை விடச் சின்னதாகத்தான் இருக்கும். 1986 ஜனவரி 6-ம் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி திறந்து வைத்து, ஆய்வகத்துக்கு வேணு பாப்பு பெயரைச் சூட்டினார். அதைப் பார்க்க அவர்தான் இல்லை.

வருகிறவர்களுக்கு ஒன்றை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். அந்தப் பெரிய தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்க்க முடியாது. அதில் விஞ்ஞானிகளே கண் வைப்பதில்லை, கருவிகள்தான் ஒளியைப் பதிவு செய்யும். பார்வையாளர்களுக்குச் சின்னத் தொலைநோக்கியில் காட்டுவார்கள். இதைச் சொல்லாமல் கூட்டிப் போனால் "அவ்வளவுதானா?" என்று முகத்தைத் தூக்கிக் கொள்வார்கள். சொல்லிவிட்டுக் கூட்டிப் போனால் அந்தச் சின்னதில் தெரியும் நிலாப் பள்ளமே போதும், வாயைப் பிளப்பார்கள்.

சரி, இனி கணக்கைப் பாருங்கள். வானாய்வகத்தில் பொதுமக்கள் பார்வை பெரும்பாலும் சனிக்கிழமை. (பெரிய குழு என்றால் முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும்.) ஆகவே சுற்றுலா சனிக்கிழமைதான். நட்சத்திரம் ராத்திரிதான் தெரியும். ராத்திரி மலைப்பாதை இறங்கக் கூடாது. அப்படியானால் சனி இரவு மலையிலேயே தங்க வேண்டும், ஞாயிறு பகலில் இறங்க வேண்டும். அதனால்தான் ஒரு நாள் போதாது, ரெண்டு நாள். "முடியாது" என்று மொட்டையாகப் பதில் எழுதாமல் இந்தக் கணக்கையே எழுதி அனுப்பினோம். ஒத்துக்கொண்டார்கள்.

மாதத்துக்கும் கணக்கு இருக்கிறது. அருவியும் நட்சத்திரமும் ஒன்றுக்கொன்று எதிரி! மழைக் காலத்தில் அருவி கொட்டும், ஆனால் வானம் மூடிக் கிடக்கும். கோடையில் வானம் தெளிந்திருக்கும், அருவியில் பாறைதான் தெரியும். ரெண்டும் கொஞ்சம் கொஞ்சமாவது வேண்டுமென்றால் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த கையோடு வர வேண்டும். அதுதான் ஜனவரி.

அடுத்தது நிலா. பௌர்ணமியில் வந்தால் நிலா வெளிச்சத்தில் மற்ற நட்சத்திரம் எல்லாம் மங்கிவிடும். நிலாவும் தட்டு மாதிரி தட்டையாகத் தெரியும், பள்ளத்துக்கு நிழல் விழாது. அமாவாசையில் வந்தால் நட்சத்திரம் அள்ளிக் கொட்டும், நிலா இருக்காது. வளர்பிறை பஞ்சமி, சஷ்டி வாக்கில் வந்தால் ரெண்டும் கிடைக்கும். எப்படி? நிலா ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தாமதமாக மறைகிறது. பஞ்சமி அன்று ராத்திரி பத்து மணி வாக்கில் மறையும். அதுவரை பிறையின் ஓரத்தில் பள்ளங்களின் நிழலைப் பார்க்கலாம். மறைந்த பிறகு முழு இருட்டு. ஆகவே தை மாதக் காலண்டரைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு, பஞ்சமிக்குப் பக்கத்தில் வரும் சனிக்கிழமையைப் பிடிக்கச் சொல்லி எழுதியிருக்கிறோம்.

வானாய்வகத்தில் மேகம் வந்து கெடுத்தாலும், திரும்பி வந்த பிறகு நம் மைதானத்திலேயே காட்ட ரெண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, துருவ நட்சத்திரம். ஒரு ஊரின் அட்ச ரேகை எத்தனை டிகிரியோ அத்தனை டிகிரி உயரத்தில்தான் அங்கே துருவ நட்சத்திரம் நிற்கும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அது சுமார் 10 டிகிரி. வடக்கே அடிவானத்தின் மேல் ஒரு முஷ்டி வைத்து, அதற்கு மேல் கால் முஷ்டி. அங்கேதான் இருக்கும், மரம் மறைக்காத இடமாகப் பார்த்து நில்லுங்கள். இன்னொன்று, தெற்கே அகத்திய நட்சத்திரம். லண்டனில் இருப்பவருக்கு அது வருடம் பூராவும் அடிவானத்துக்குக் கீழேதான். நமக்கு ஜனவரி ராத்திரியில் பளிச்சென்று தெரியும். திருவாதிரை நட்சத்திரத்தையும் அப்போதே காட்டிவிடலாம்.

டார்ச் லைட் கொண்டு வருகிறவர்கள் அதன் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்ட வேண்டும். நம் கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒருத்தர் செல்போன் லைட்டை ஒரு நொடி அடித்தாலும் 44 பேருக்கும் மறுபடி முதலிலிருந்து. இப்போதே வாணியம்பாடிப் பக்கம் வானம் மஞ்சள் பூத்துத்தான் இருக்கிறது. சுற்றுலா வளர்ந்து நம் மலையிலேயே தங்கும் விடுதிகள் ராத்திரி பூராவும் பெரிய விளக்குப் போட ஆரம்பித்தால் எந்த இருட்டைத் தேடி பாப்பு இங்கே வந்தாரோ அதுவே போய்விடும் என்பது என் கவலை.

இனி பாதை. இதில் விளையாட்டே கூடாது. 2022 ஏப்ரலில் திருப்பத்தூர்ப் பக்கம் சேம்பறை மலைக்கோயிலுக்கு ஆட்களை ஏற்றிப் போன வேன் பள்ளத்தில் உருண்டு 11 பேர் இறந்தார்கள். நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். சரக்கு வண்டியில் ஆள் ஏறுவது நம் மலையில் சர்வ சாதாரணம், நாமே ஏறுகிறோம். ஆனால் விருந்தாளிகளை ஏற்றப் போவதில்லை. அருவிக்குப் பக்கம்தானே, ஒரு நடை அதில் போய்வரலாமே என்று யாரும் கேட்க வேண்டாம்.

மலை இறங்கும்போது ஓட்டுநர் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் அது சூடேறி, ஒரு கட்டத்தில் பிடிக்காமல் போய்விடும். அதனால்தான் ஏறும்போது போட்ட அதே சின்ன கியரில் இறங்க வேண்டும் என்பார்கள். இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு வேலை குறையும். மலைப்பாதையில் பழகிய ஓட்டுநர் வேண்டும் என்று கடிதத்தில் அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறோம். போளூர், செங்கம், ஆலங்காயம், அமிர்தி என்று நாலு வழி மேலே வருகிறது. அவர்கள் போளூர் வழியாக வருகிறார்கள். காலை ஆறு மணிக்குக் கிளம்பச் சொல்லியிருக்கிறோம். காலையில் பூரி வேண்டாம், ரெண்டு இட்லி போதும். வாந்தி வருகிறவர்கள் முன் சீட்டில் உட்கார்ந்து தூரத்தைப் பார்க்க வேண்டும், புத்தகமோ போனோ பார்க்கக் கூடாது. எலுமிச்சம்பழம் ஆளுக்கு ஒன்று. (நாம் கீழே போகும்போது நமக்கு வராததா? கேலி செய்யாதீங்க.)

சனி மதியம் ஜமுனாமரத்தூரில் சாப்பாடு. சாமைச் சோறு, குழம்பு, கீரை. மகளிர் குழு அக்காமார்களிடம் சொல்லியாகிவிட்டது. 44 பேருக்குச் சாமைச் சோறு என்பது திடீரென்று போய் நின்றால் கிடைக்காது, முதல் நாளே எண்ணிக்கை சொல்ல வேண்டும். சாப்பிட்டு, கோமுட்டேரியில் ஒரு மணி நேரம் படகு. அங்கிருந்து பஸ்ஸில் காவலூர். இது மலைக்கு மேலேயே ஓடும் பாதை, அடிவாரம் இறங்க வேண்டியதில்லை. வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்து, பெரிய குவிமாடத்தைப் பகலில் பார்த்துவிட வேண்டும். இரவு நம் பள்ளியில் தங்கல். குளிருக்குப் போர்வை அவர்கள் கொண்டு வருகிறார்கள், பாய் நாம் தருகிறோம். பெண் பிள்ளைகள் மேல் மாடி.

ஞாயிறு காலை முதலில் கல்திட்டை, வெயில் ஏறுவதற்குள். கீழ்சேப்பிளிப் பக்கம் பெரிய பெரிய பலகைக் கல்லை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். குள்ளர் வீடு என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். குள்ளர் யாரும் அதில் குடியிருக்கவில்லை. இரும்புக் காலத்து மக்கள் இறந்தவர்களுக்காக எழுப்பியவை, ரெண்டாயிரம் வருடத்துக்கும் மேல் பழசு. கிரேன் இல்லாத காலத்தில் அந்த மூடு கல்லை எப்படித் தூக்கி வைத்திருப்பார்கள் என்று அவர்களையே யோசிக்க விடுங்கள், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். மேலே ஏறி உட்கார்ந்து போட்டோ எடுக்க விடக் கூடாது. புதையல் இருக்கிறது என்று தோண்டிப் பார்க்கிறவர்களால் இந்த மாதிரி இடங்கள் பாதி அழிந்துவிட்டன. அந்தக் கதையை விருந்தாளிகள் காதில் போடாமல் இருந்தாலே புண்ணியம்.

அப்புறம் பீமன் அருவி. ஜனவரியில் தண்ணீர் மெலிந்திருக்கும். ஆனாலும் பாறையில் பாசி இருக்கும். மேலே ஏறுவது இல்லை, கீழே காலை நனைப்பதோடு சரி. இங்கே வெயில் அடிக்கும்போதே மேலே எங்கேயோ பெய்த மழைக்குத் திடீரென்று தண்ணீர் வரும். தண்ணீர் கலங்கினாலோ சருகு மிதந்து வந்தாலோ உடனே கரையேற வேண்டும். இது நமக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும், அவர்களுக்குத் தெரியாது. மதியம் சாப்பிட்டு ரெண்டு மணிக்கு பஸ் இறங்கிவிட வேண்டும். இருட்டுவதற்குள் அடிவாரம்.

தமிழ் அம்மா எங்கள் திட்டத்தைப் படித்துவிட்டு, "இதை உங்களுக்கு முன்னாடியே ஒருத்தர் எழுதிட்டாரே" என்றார். மலைபடுகடாம்! செங்கத்தைத் தலைநகராகக் கொண்ட நன்னனிடம் போகும் கூத்தர்களுக்கு, போய் வந்த ஒருவர் வழி சொல்வதாகப் பெருங்கௌசிகனார் பாடியது, 583 அடி. அதில் வரும் நவிர மலை பர்வதமலைதான் என்று பலர் சொல்வார்கள். நம் மலையில் பிறக்கும் செய்யாறும் அதில் சேயாறாக வருகிறது. அதிலும் இதே சங்கதிதான் இருக்கிறது! பன்றிக்கு வைத்த பொறி வழியில் இருக்கும், விடிந்த பிறகு போங்கள். பாசி வழுக்கும், பார்த்துப் போங்கள். புனம் காப்பவர்கள் எறியும் கவண் கல் வரும், ஒதுங்கிப் போங்கள். இந்த ஊரில் இன்ன சாப்பாடு கிடைக்கும். ஆற்றுப்படை என்றால் வழிப்படுத்துவது என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கியிருக்கிறோம். அது ஒரு சுற்றுலாத் திட்டம் என்று இப்போதுதான் எனக்கு உறைத்தது.

வழிகாட்டப் போகும் தோழர்களுக்குச் சில வார்த்தை. 'மலையாளி' என்றால் கேரளாவா என்று கட்டாயம் கேட்பார்கள். கோபப்படாமல், மலையை ஆளுகிறவர்கள் என்று நம் பெரியவர்கள் சொல்வதைச் சொல்லுங்கள். நம் தாய்மொழி தமிழ்தான் என்றும் சொல்லுங்கள். ஊருக்குள் போனால் வீட்டுக்காரரைக் கேட்காமல் யாரும் படம் எடுக்கக் கூடாது. தேன், புளி, சாமை வாங்க ஆசைப்படுவார்கள். டவர் கிடைக்காத இடத்தில் போனில் பணம் அனுப்ப முடியாது, கையில் சில்லறைப் பணம் கொண்டு வரச் சொல்லியிருக்கிறோம். சந்தனக் கட்டை கேட்டால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், ரெண்டு குடம் தண்ணீர் பஸ்ஸிலேயே இருக்கும்.

ஐந்து மாணவருக்கு ஒரு வழிகாட்டி வீதம் எட்டுப் பேர் வேண்டும். காவலூரை இதுவரை உள்ளே போய்ப் பார்க்காதவர்களுக்கு முன்னுரிமை என்று தலைமையாசிரியர் ஐயா சொல்லியிருக்கிறார். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் இந்தச் சுவர் இதழுக்குக் கீழே தொங்கும் தாளில் வெள்ளிக்கிழமைக்குள் எழுதவும். பென்சிலும் கூடவே கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். தயவு செய்து பென்சிலை யாரும் எடுத்துப் போக வேண்டாம்.

- பதினோராம் வகுப்பு 'அ' பிரிவு, சுற்றுலாக் குழுவுக்காக